சாக்குக் கடை அண்ணாச்சி

திருவனந்தபுரம் சாலைத் தெருவில் காலை எட்டரைக்குச் சாக்குக் கடை திறக்கும். ஷட்டரைத் தூக்குவது பையன். அண்ணாச்சி சாவியை நீட்டிவிட்டு ஓரமாக நிற்பார். வெள்ளை வேட்டி, அரைக்கைச் சட்டை, சட்டைப் பையில் ஒரு பேனா, சனிக்கிழமை என்றால் பேனாவுக்குப் பக்கத்தில் மடித்துவைத்த காருண்யா லாட்டரிச் சீட்டு. பழைய சாக்கு, சணல், கோணி ஊசி, தார்ப்பாய், கிணற்றுக் கயிறு, இவ்வளவுதான் சரக்கு. அப்பா காலத்தில் இரணியல் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். வீட்டில் தமிழ், கடையில் மலையாளம், கோபம் வந்தால் எது வாயில் வருகிறதோ அது.

எதிர் அரிசி மண்டியில் கணக்கு எழுதுகிற எனக்கு அவர் முகம் நேர் எதிரே. பேச்சு அதிகம் கிடையாது. "என்னவே, மழை வருமா?" "வரும் போலத்தான் இருக்கு அண்ணாச்சி." அன்றைய பேச்சு அதோடு முடிந்தது. பார்ப்பதற்கோ நாள் முழுக்க நேரம். இதே தெருவில் கடை வைத்திருந்த ஆ. மாதவன், கல்லாவில் உட்கார்ந்தபடியே இந்தத் தெருவைக் கதையாக்கிவிட்டார். எனக்குக் கதை வராது. கண்ணில் பட்டதைச் சொல்கிறேன்.

கடை வரிசைக்குப் பின்னால் எல்லோருக்கும் பொதுவாக ஒரு கழிப்பறை. காலையில் ஒரு தரம், மத்தியானம் ஒரு தரம் என்று போய்க்கொண்டிருந்தவர், 2013 வாக்கில் மணிக்கொரு தரம் எழுந்து போக ஆரம்பித்தார். போனவர் சீக்கிரம் திரும்பமாட்டார். சாக்கு வாங்க வந்தவன் நின்று பார்த்துவிட்டுப் போய்விடுவான். பதினொரு மணி டீ நின்றது. "வேண்டாம்டே, வயிறு சரியில்ல" என்றார் டீக்கடைப் பையனிடம். வயிறு என்றுதான் எல்லோரிடமும் சொன்னார். கல்யாண வீடுகளுக்குப் போவது குறைந்தது. போனாலும் பந்தியில் ஓர இருக்கையாகப் பார்த்துத்தான் உட்கார்ந்தார். நாகர்கோவிலுக்கு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தவர் ரயிலுக்கு மாறினார். ரயிலில் கக்கூஸ் உண்டே.

ஒரு நாள் என் மேசையில் ஒரு தாளை வைத்தார். லேப் ரிப்போர்ட். "கண்ணாடி கொண்டுவரல்ல. இதுல நம்பர் என்ன போட்டிருக்குன்னு சொல்லும்." பி.எஸ்.ஏ. பதினெட்டு. வாசித்தேன். "நாலுக்கு உள்ள இருக்கணுமாம்" என்று அவரே சொல்லிவிட்டுத் தாளை வாங்கி மடித்துப் பேரேட்டுக்குள் செருகினார். அதன் பிறகு வந்த தாள்கள் எல்லாம் அதே பேரேட்டுக்குள்தான் போயின. ஒவ்வொன்றும் முதலில் என் மேசைக்கு வந்தது. கண்ணாடி ஒரு நாளும் வரவில்லை. தன் வாயால் அந்த எண்ணை வாசிக்க அவருக்கு மனமில்லை என்பது எனக்குப் புரிந்தது.

மூத்திரப்பைக்குக் கீழே, மூத்திரக் குழாயைச் சுற்றி உட்கார்ந்திருக்கிற சின்னச் சுரப்பி பிராஸ்டேட். விந்தோடு சேருகிற நீரைச் சுரப்பது அதன் வேலை. வயது ஏற ஏற அது வீங்குவது ஆண்களில் பாதிப்பேருக்கு மேல் உண்டு, அது புற்று அல்ல. அந்தச் சுரப்பிக்காக ரத்தத்தில் பார்க்கிற எண்தான் பி.எஸ்.ஏ. அது கூடினாலும் புற்று என்று உடனே முடிவுகட்ட முடியாது. வீக்கத்திலும் கூடும், கிருமித் தொற்றிலும் கூடும். சதையை எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். அண்ணாச்சிக்கு எடுத்துப் பார்த்தார்கள். கிளீசன் கணக்கில் ஏழு வந்தது. 1960-களில் அமெரிக்க நோய்க்குறியியல் மருத்துவர் டொனால்ட் கிளீசன் வகுத்த கணக்கு அது. ஆறு என்றால் சாது, எட்டும் அதற்கு மேலும் முரடு, ஏழு நடுவாந்தரம். எலும்பில் அப்போது எதுவும் இல்லை. மெடிக்கல் காலேஜ் வளாகத்திலேயே இருக்கிற ஆர்.சி.சி.க்கு எழுதிக் கொடுத்தார்கள்.

ஆர்.சி.சி. என்றால் இங்கே பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். 1981-ல் டாக்டர் எம். கிருஷ்ணன் நாயரை இயக்குநராகக் கொண்டு தொடங்கிய மண்டலப் புற்றுநோய் மையம். கன்னியாகுமரி, திருநெல்வேலி, தூத்துக்குடிக்காரர்களுக்குச் சென்னையைவிட இது பக்கம் என்பதால் ஓ.பி. வரிசையில் பாதி நேரம் காதில் விழுவது தமிழ்தான். தூக்குவாளியில் கஞ்சியும் ஃபைல் கவருமாக விடியற்காலையில் வந்து இறங்குவார்கள். அண்ணாச்சி தன் வீட்டிலிருந்து ஆட்டோவில் போகிற தூரம். ஒரே ஒரு தடவை போனார்.

போய்விட்டு வந்த சாயங்காலம் மச்சினன் கடைக்கு வந்தார். தெருவில் லாரி இல்லாத நேரம், பேச்சு தெளிவாகக் கேட்டது.

"டாக்டர் என்னத்தான் சொன்னாரு அத்தான்?"

"கரண்டு வைக்கணுமாம். கூட ஊசியும் போடணுமாம். ஊசி போட்டா..." சாக்கு எண்ணிக்கொண்டிருந்த பையனைப் பார்த்தார். "லேய், நீ போயி ரெண்டு டீ வாங்கிட்டு வா."

பையன் போனான். குரல் தாழ்ந்தது. கடைசி வாக்கியம் மட்டும் தாழவில்லை.

"அதுக்குப் பொறவு ஆம்பளைன்னு சொல்லிக்கிட என்னடே இருக்கு?"

"வயசு அறுபத்தாறு ஆச்சுல்லா அத்தான்."

"அதுக்கு?"

மச்சினனிடம் பதில் இல்லை. வந்த டீயை அண்ணாச்சி குடிக்கவில்லை, மச்சினனே இரண்டையும் குடித்தார்.

கரண்டு என்றால் கதிர்வீச்சு. அந்த ஊசிக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. சிகாகோவில் சார்லஸ் ஹக்கின்ஸ் என்ற அறுவை மருத்துவர் 1941-ல் ஒன்றைக் கண்டுபிடித்து எழுதினார். பிராஸ்டேட் புற்றுக்குத் தீனி ஆண்மைச் சுரப்பு. விதையை எடுத்துவிட்டால் தீனி நின்றுபோகும், கட்டி சுருங்கும், எலும்பு வலியில் துடித்தவர்கள் சில நாளில் எழுந்து உட்காருவார்கள். 1966-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பிற்பாடு அதே வேலையைக் கத்தி இல்லாமல் செய்ய ஊசி வந்தது. மாதத்துக்கு ஒன்று, அல்லது மூன்று மாதத்துக்கு ஒன்று. விஞ்ஞானத்துக்கு இது பெரிய வெற்றி. சாலைத் தெருவில் கல்லாவில் உட்கார்ந்திருக்கிற ஒரு மனுஷனுக்கு, அவனை அவன் என்று ஆக்கியதில் ஒரு பகுதியைக் கழற்றி வைக்கச் சொல்கிற காரியம். இதைப் பற்றி அவருக்கு எடுத்துச் சொல்ல அந்த வரிசையில் யாருக்கும் நேரம் இருந்திருக்காது.

நாட்டு வைத்தியர் ஒருவருக்கு நேரம் இருந்தது. நெடுமங்காடு தாண்டி உள்ளே எங்கோ ஓர் ஊர். மச்சினன்தான் கூட்டிக்கொண்டு போனார். திரும்பி வந்த மறுநாள் அண்ணாச்சி கடைக்கு வந்தவர் போனவர் எல்லோரிடமும் சொன்ன விஷயம் ஒன்றுதான். "முக்கால் மணிக்கூர் எங்கிட்ட பேசினாரு. ரிப்போர்ட்டைத் தொறந்துகூட பாக்கல்ல. நாடி பிடிச்சாரு. என்ன தின்னுவேன், எப்ப உறங்குவேன், வீட்டுல யாரெல்லாம் உண்டுன்னு கேட்டாரு. வேட்டியைத் தொடல்ல." கடைசியில் சொன்னதை மட்டும் இரண்டு தரம் சொல்வார். ஆசனவாயில் விரல் விட்டுப் பார்ப்பதும், அதே வழியாக ஊசி செலுத்திச் சதை எடுப்பதும் மருத்துவத்துக்குத் தேவையான சோதனைகள். ஆனால் அறுபத்தாறு வயது வரை பெண்டாட்டி தவிர யார் முன்னாலும் வேட்டி அவிழ்க்காத ஆள், அந்த இரண்டு சோதனைகளுக்குப் பிறகு எந்த வாசலை நோக்கிப் போவார் என்பதை ஆஸ்பத்திரிக்காரர்கள் யோசிக்க வேண்டும்.

சாலைத் தெருவிலிருந்து கூப்பிடு தூரத்தில், எம்.ஜி. ரோட்டில், 1889-ல் தொடங்கிய அரசு ஆயுர்வேதக் கல்லூரி இருக்கிறது. அங்கே அவர் போகவில்லை. அங்கே ரிப்போர்ட்டைக் கேட்பார்கள்.

மருந்து மூன்று விதம். ஒரு கஷாயம், ஒரு பொடி, முள்ளாத்தா இலை கொதித்த தண்ணீர். நம்மூரில் முள்சீத்தா என்பதுதான் இங்கே முள்ளாத்தா. மீன் கூடாது என்று பத்தியம். திருவனந்தபுரத்தில் மீன் கூடாது என்று சொல்வது பாதி ஆயுளை வாங்குவதற்குச் சமம். அண்ணாச்சி அதையும் ஏற்றுக்கொண்டார். பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் கருஞ்சிவப்பாகக் கஷாயம் கல்லாவுக்குப் பின்னால் பிள்ளையார் படத்துக்குக் கீழே இருக்கும். பத்து மணிக்கும் நாலு மணிக்கும் மூடியில் அளந்து, மூக்கைப் பிடிக்காமல், முகம் சுளிக்காமல் குடிப்பார். குடித்துவிட்டுப் பிள்ளையாரைப் பார்ப்பார். மாதம் நாலாயிரம் ரூபாய். ஷார்ஜாவில் இருக்கிற மகன் அனுப்பினான். போனில் சண்டையும் போட்டான். ஸ்பீக்கரில் போட்டுத்தான் அண்ணாச்சி பேசுவார் என்பதால் தெருவுக்கே கேட்கும்.

"அப்பா, அந்த ஆளு டாக்டரா?"

"உன்னை மாதிரி கம்ப்யூட்டர் பாத்துப் பேசுற ஆளு இல்ல."

அந்தக் காலத்தில் கேரளம் முழுக்க முள்ளாத்தாவும் லட்சுமி தருவும்தான் பேச்சு. லட்சுமி தரு என்பது எண்ணெய் வித்துக்காக வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த மரம். அதன் இலையைக் கொதிக்க வைத்துக் குடித்தால் புற்று ஓடிவிடும் என்று நாற்றுப் பண்ணைகளில் கன்றுக்கு வரிசை நின்றது. 2002-ல் வந்த 'நம்மள்' படத்தின் நாயகன் ஜிஷ்ணு ராகவனுக்குத் தொண்டையில் புற்று. முப்பத்தைந்து வயதுக்காரர். இந்த இரண்டையும் தானும் குடித்துப் பார்த்ததாகவும், கட்டி அடங்கவில்லை, நிலைமை ஆபத்துக்குப் போய்விட்டது என்றும், யாரும் இதை நம்பிச் சிகிச்சையை விடாதீர்கள் என்றும் அவரே வெளிப்படையாக எழுதினார். 2016 மார்ச் 25-ல் போய்ச் சேர்ந்தார். செத்தவர் எழுதியது செய்தித்தாளில் வந்தது. பிழைத்தவர் சொல்வது டீக்கடையில் பரவியது. எது ஜெயிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

புற்றைக் குணமாக்குவோம் என்று விளம்பரம் செய்வது 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அதனால் வைத்தியர் வீட்டில் பலகை கிடையாது. அவருக்குப் பலகை அண்ணாச்சிதான்.

பதினெட்டாக இருந்த எண், ஓராண்டில் ஆறாக இறங்கியது. அந்தத் தாளை அவர் என் மேசையில் வைத்தபோது கண்ணாடி போட்டிருந்தார்! தானே வாசித்தார், இரண்டு தரம். அடுத்த தாளில் ஐந்து. மூத்திரத் தொந்தரவும் கொஞ்சம் மட்டுப்பட்டது. கடையில் ஆள் சேர ஆரம்பித்தது. சாக்கு வாங்க அல்ல, வைத்தியர் விலாசம் வாங்க. சீட்டில் எழுதி, பஸ் நம்பரும் போட்டுக் கொடுப்பார். சுமட்டுக்காரர்கள்கூடத் தங்கள் வீட்டு ரிப்போர்ட்டுகளைக் கொண்டுவந்தார்கள்.

வந்தவர்களில் ஒருத்தி முக்கில் பூ விற்பவள். மார்பில் கட்டி. ஆர்.சி.சி.யில் ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்திருந்தார்கள். அண்ணாச்சி முன்னால் நின்று அழுதாள். "அழாதே அம்மா, என்னைப் பாரு. ரெண்டு வருஷம் ஆச்சு. கத்தி பட்டுதா? ஊசி பட்டுதா?" என்று தன் மார்பில் தட்டிக்காட்டினார். சீட்டை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு போனாள்.

அவர் பொய் சொல்லவில்லை. இரண்டு வருஷம் ஆனது உண்மை, கத்தி படாததும் உண்மை. ஆனால் அந்த இரண்டு வருஷத்தைக் கொடுத்தது கஷாயமா, நோயின் சுபாவமா? பிராஸ்டேட் புற்று பெரும்பாலும் மெதுவாக வளர்வது. பிரிட்டனில் 1,643 ஆண்களை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். சுரப்பியைத் தாண்டாத புற்று உள்ளவர்கள், பெரும்பாலும் சாது வகை. ஒரு பிரிவுக்கு அறுவை, ஒரு பிரிவுக்குக் கதிர்வீச்சு, மூன்றாவது பிரிவுக்கு மருந்தே இல்லை, ரத்தப் பரிசோதனையோடு கண்காணிப்பு மட்டும். பதினைந்து ஆண்டு கழித்து 2023-ல் முடிவு வந்தபோது, எந்தப் பிரிவாக இருந்தாலும் அந்த நோயால் செத்தவர் நூற்றுக்கு மூன்று பேர் அளவில்தான். முதலில் ஒன்றுமே கொடுக்காதவர்களும் அவ்வளவு நாள் இருந்தார்கள். நடுவில் ஒரு வைத்தியர் பொடி கொடுத்திருந்தால் முழுப் பெயரும் அவருக்குப் போயிருக்கும்.

இதில் கவனிக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. கண்காணிப்பில் இருந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர், எண் ஏறுவது போன்ற காரணங்களால், பிற்பாடு அறுவைக்கோ கதிர்வீச்சுக்கோ போய்விட்டார்கள். போகாமல் இருந்தவர்களையும் சேர்த்துப் பார்த்தால், நோய் வேறு இடத்துக்குப் பரவியது மற்ற இரு பிரிவுகளைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு. சும்மா இருப்பதும் பார்த்துக்கொண்டே சும்மா இருப்பதும் ஒன்றல்ல.

அமெரிக்காவில் ஸ்கைலர் ஜான்சன் என்ற மருத்துவரும் கூட்டாளிகளும் மாற்று வைத்தியத்தை மட்டும் நம்பிய 281 புற்று நோயாளிகளை, வழக்கமான சிகிச்சை எடுத்தவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மொத்தத்தில் சாவு அபாயம் இரண்டரை மடங்கு. மார்பகப் புற்றில் ஐந்து மடங்குக்கு மேல். பிராஸ்டேட்டில் மட்டும், அவர்கள் பார்த்த ஐந்து சொச்சம் ஆண்டில், சொல்லும்படியான வித்தியாசம் தெரியவில்லை. நோய் மெதுவானது என்பதுதான் காரணம் என்று அவர்களே எழுதினார்கள். சாக்குக் கடையில் நடந்தது இதேதான். மெதுவான நோய்க்காரர் ஒருவர், தன் உடம்பைச் சாட்சியாக வைத்து, வேகமான நோய்க்காரி ஒருத்திக்கு வழி காட்டினார்.

பூக்காரி மறு வருஷ ஓணத்துக்கு இல்லை. அவள் இறந்த அன்று அண்ணாச்சி கடை திறக்கவில்லை. அதற்கு மறுநாள் விலாசம் கேட்டு வந்த ஒருவரிடம், "சீட்டு தீந்துபோச்சு" என்றார். பிறகு யாருக்கும் எழுதிக் கொடுத்து நான் பார்க்கவில்லை. தன் கஷாயத்தை மட்டும் நிறுத்தவில்லை. பத்து மணி, நாலு மணி.

இன்னொன்றும் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. மார்கழிக் காலையில், தெருவில் எல்லோரும் துண்டைப் போர்த்திக்கொண்டு நிற்கும்போது, அண்ணாச்சி மட்டும் திடீரென்று சட்டைக் காலரைத் தளர்த்திக் கழுத்தைத் துடைப்பார். முகம் சிவந்து, இரண்டு நிமிடத்தில் அடங்கும். எப்போதும் முதல் பொத்தானைத் திறந்துவிட்டிருந்தவர், கழுத்துவரை பூட்ட ஆரம்பித்தார். உள்ளே பனியன் வேறு. ஒரு மத்தியானம் சுமடு இறக்கும்போது ஒரு மூட்டை அவர் மார்பில் லேசாக உரசியது. "அம்மே!" என்று கத்திக்கொண்டு மார்பைப் பிடித்துக்கொண்டார். உரசியதற்கு அவ்வளவு வலிக்காது.

1990-களில் அமெரிக்காவில் பி.சி.-ஸ்பெஸ் என்று ஒரு மூலிகைக் கலவை விற்றது. எட்டு மூலிகை, பெரும்பாலும் சீனத்து வகை. பிராஸ்டேட் புற்றுக்காரர்கள் வாங்கிக் குடித்தார்கள். பி.எஸ்.ஏ. சரசரவென்று இறங்கியது. கூடவே மார்பு வலி எடுத்தது, ஆண்மை போனது, சிலருக்கு ரத்தக் குழாயில் ரத்தம் கட்டியாக உறைந்தது. 2002-ல் சோதித்துப் பார்த்தால் உள்ளே வார்ஃபரின் என்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து! வேறு மாதிரிகளில் ஸ்டில்பெஸ்ட்ரால் என்ற செயற்கைப் பெண்மைச் சுரப்பு. அதுவோ ஆஸ்பத்திரிகளில் பிராஸ்டேட் புற்றுக்கு ஹக்கின்ஸ் காலத்திலிருந்தே கொடுத்துவந்த சரக்கு. மூலிகை என்று நம்பி அவர்கள் குடித்தது, எதற்குப் பயந்து ஓடினார்களோ அதையே. கடையிலிருந்து அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

அண்ணாச்சியின் பொடியை யாரும் சோதிக்கவில்லை. ஆண்மை போகாத மருந்து என்று அவர் நாலாயிரம் கொடுத்து வாங்கிய பொடி அது. பனிக்காலத்தில் வேர்த்துக்கொண்டு, மார்பில் மூட்டை உரசினால் துடித்துக்கொண்டு, அதற்குமேல் அவர் வீட்டில் என்ன இழந்திருந்தார் என்பது அவருக்கும் அவர் மனைவிக்கும் தெரிந்த விஷயம். எனக்கு என் சந்தேகம் இன்றைக்கும் உண்டு.

2018-ல் எண் ஒன்பது. "காலாவஸ்த, சூடு கூடிப்போச்சு" என்றார். அடுத்தது முப்பத்தொன்று. அந்தத் தாளைப் பேரேட்டுக்குள் செருகவில்லை. நாலாக மடித்துச் சட்டைப் பையில், லாட்டரிச் சீட்டுக்குப் பின்னால் வைத்தார். அதற்கப்புறம் ரத்தம் கொடுக்கவே போகவில்லை.

நோய் நாற்காலியில் தெரிந்தது. முதலில் பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு தலையணை வந்தது. பிறகு இரண்டு. பிறகு நாற்காலியை விட்டுவிட்டுச் சாக்குக் கட்டின்மேல் சாய்ந்து உட்கார்ந்தார். பிறகு உட்காருவதே இல்லை, கல்லாவில் ஒரு கையை ஊன்றி நின்றபடியே வியாபாரம். கீழே விழுந்த காசைப் பையன்தான் எடுக்க வேண்டும். முறிவெண்ணெய் வாசனை தெருவைத் தாண்டி எங்கள் மண்டிக்கு வந்தது. "பழைய சாக்கு தூக்கின நடுவு, வலிக்காம என்ன செய்யும்?" என்று கேட்டவர்களிடம் சொன்னார். வைத்தியரும் வாதம் என்றுதான் சொன்னாராம், இன்னொரு எண்ணெய் கொடுத்தாராம். ராத்திரி உறக்கம் இல்லை என்பது காலையில் கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. படுத்தால் கூடுகிற முதுகு வலி, சாதாரண நடுவு வலியின் குணம் அல்ல.

2019-ல் ஒரு மழை நாள். கடைப் படியில் ஏறக் காலைத் தூக்கினார், கால் எழவில்லை. மறுபடி தூக்கினார். கையால் தொடையைப் பிடித்துத் தூக்கிப் படியில் வைத்தார். வைத்த கால் மடங்கியது. சுமட்டுக்காரர் இருவர் பிடித்துக்கொண்டார்கள். மழைக்கு அண்ணாச்சியின் வேட்டி நனைந்திருந்தது, ஆனால் அதில் மழை மட்டும் இல்லை. மூட்டை ஏற்றுகிற பெட்டி ஆட்டோவிலேயே படுக்கவைத்து மெடிக்கல் காலேஜுக்குக் கொண்டுபோனார்கள்.

முதுகெலும்பில் ஏறிய புற்று தண்டுவடத்தை நெருக்கியிருந்தது. எண் இருநூற்றுப் பன்னிரண்டு. கால் விழுந்த அன்றே கொண்டுவந்ததால் பிழைத்தது, ரெண்டு நாள் எண்ணெய் தடவிக்கொண்டு இருந்திருந்தால் காலமெல்லாம் படுக்கைதான் என்று டாக்டர் சொன்னாராம். வீக்கம் வற்ற ஊசி, முதுகுக்குக் கதிர்வீச்சு. கூடவே, 2014-ல் எதைக் கேட்டு எழுந்து வந்தாரோ அது. மூன்று மாத ஊசியா, ஒரேயடியாக விதையை எடுத்துவிடுவதா என்று கேட்டார்கள். ஊசிக்குச் செலவு கூடுதல், காலமெல்லாம் போட வேண்டும். அறுவை சின்னது, மரத்துப்போக ஊசி போட்டுச் செய்வது, சுரப்பு ஒரு நாளைக்குள் விழுந்துவிடும். ஷார்ஜாவிலிருந்து வந்து இறங்கிய மகன் ஊசி என்றான். அண்ணாச்சி கத்தி என்றார். "அஞ்சு வருஷமா பேடிச்சாச்சு. இனி மூணு மாசத்துக்கு ஒரு தடவை பேடிக்க என்னால ஏலாது." இதை மச்சினன் எங்கள் மண்டியில் வந்து சொன்னார். பேடி என்றால் இங்கே பயம்.

பத்தாம் நாள் வலி பாதியாகக் குறைந்ததாம். மழைக்காலம் முடிந்து கடைக்கு வந்தபோது கையில் ஊன்றுகோல். நாற்காலியில் உட்கார்ந்தார், ஒரே ஒரு தலையணை. டீக்கடைப் பையனைக் கூப்பிட்டு டீ சொன்னார். மத்தியானம் தூக்குவாளியைத் திறந்தபோது சாளை மீன் குழம்பு வாசனை. என்னைப் பார்த்து, "உறங்குதேன்வே" என்றார். அந்த ஐந்து வருஷத்தில் தன் உடம்பைப் பற்றி என்னிடம் அவராகச் சொன்னது அது ஒன்றுதான்.

குணமாகிவிட்டதா என்றால் இல்லை. எலும்புக்குப் போன பிராஸ்டேட் புற்று திரும்பிப் போகாது, அடக்கிவைக்கத்தான் முடியும். ஆரம்பத்தில் குணப்படுத்தியிருக்கக் கூடிய நோய் அது. அந்த வாய்ப்பு கஷாய பாட்டிலோடு போனது. இப்போது அபிராடெரோன் மாத்திரை தினமும், கூடவே பிரெட்னிசோலோன். மாத்திரை காருண்யா பார்மசியில். லாபம் வைக்காமல் புற்று மருந்து விற்கும் கவுண்டர்களை அரசு 2024-ல் திறந்த பிறகு மகனுக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கிறது. சனிக்கிழமைச் சீட்டும் நிற்கவில்லை. 2011-ல் தொடங்கிய காருண்யா லாட்டரியின் லாபம் ஏழைகளின் புற்று, இருதய, சிறுநீரகச் சிகிச்சைக்கென்று வைத்தது. "அடிச்சா எனக்கு, அடிக்கல்லன்னா எனக்க மருந்துக்கு" என்று சீட்டுக்காரனிடம் சொல்வார்.

பிள்ளையாருக்குக் கீழே ஹார்லிக்ஸ் பாட்டில் இருக்கிறது, இப்போது அதில் சீரகத் தண்ணீர். புதிதாக வந்த இளம் பெண் டாக்டர் ஒருத்தி, "வேறென்ன சாப்பிடறீங்க அச்சா?" என்று திட்டாமல் கேட்டாளாம். எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். இந்த மாத்திரை கல்லீரலைத் தொடும், அதோடு இலைத் தண்ணீரும் பொடியும் சேரக் கூடாது என்று காரணம் சொல்லி நிறுத்தியிருக்கிறாள். வைத்தியர்மேல் அண்ணாச்சிக்குக் கோபம் இல்லை. "மனுஷன்கிட்ட பேசத் தெரிஞ்சவரு" என்கிறார் இன்றைக்கும். மூன்று மாதத்துக்கொரு தாள் வருகிறது, என் மேசைக்கு வராமல் நேரே பேரேட்டுக்குப் போகிறது. கண்ணாடி அவர் மூக்கிலேயே இருக்கிறது.

கஷாயம் குடிக்கிறவர்கள் குடியுங்கள், ஆனால் என்ன குடிக்கிறோம் என்று ஆஸ்பத்திரி டாக்டரிடம் சொல்லிவிட்டுக் குடியுங்கள். அவர் திட்டினால் திட்டாத இன்னொருவரைப் பாருங்கள். யாருடைய கஷாயம் குடித்தாலும் மூன்று மாதத்துக்கொரு முறை ரத்தம் கொடுத்து எண்ணைப் பாருங்கள், எண் இறங்கினால் அது ஏன் இறங்கியது என்றும் கேளுங்கள். உங்களுக்கு நல்லதாக இருந்த வைத்தியரின் விலாசத்தை வேறு புற்றுக்காரருக்கு எழுதிக் கொடுக்காதீர்கள். பிராஸ்டேட் புற்று உள்ள வீட்டில் யாருக்காவது படுத்தால் கூடுகிற முதுகு வலி வந்தாலோ, கால் தளர்ந்தாலோ, மூத்திரம் தன்னால் போனாலோ, எண்ணெய் பாட்டிலைத் தேடாமல் அன்றைக்கே, ராத்திரியானாலும், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.